டிராயைக் கேள்வி கேக்குறது யாரு?

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர். இதை ஆபீஸ்ல சொன்னா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "ஓ, திருச்சி போற வழியில வருமே." இன்னொண்ணு, கொஞ்சம் சீனியரா இருக்கிறவங்க கேக்குறது: "ஆ. ராசா ஊரா?" அந்த ரெண்டாவது பதில்லதான் இன்னைக்கு எபிசோடு தொடங்குது.

2ஜி வழக்கைத் திரும்ப ஓட்டிக் காட்டப் போறதில்ல. யூடியூப்ல அதுக்கு எக்கச்சக்க வீடியோ இருக்கு. நான் கேக்க வர்ற கேள்வி வேற. நம்ம போன் சிக்னலையும் வீட்டு பிராட்பேண்டையும் கண்காணிக்க டிராய்னு ஒரு ஆணையம் இருக்கு. டிராயையும், அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற தொலைத்தொடர்புத் துறையையும் கண்காணிக்க வேண்டியது நாடாளுமன்றம். அந்த வேலை நடக்குதா?

பெரம்பலூர், அரியலூர்ல இருந்து பார்த்தா இந்தக் கேள்விக்கு ரெண்டு முகம் இருக்கு. இந்திய நாடாளுமன்றம் தொலைத்தொடர்பு விஷயத்துல அதிகபட்சமா கொதிச்சது எங்க ஊர் எம்.பி. அமைச்சரா இருந்தப்ப நடந்த விவகாரத்துக்காக. அதே சமயம், பெரம்பலூர் மாவட்டத்துல 121 கிராம ஊராட்சி, அரியலூர்ல 201, மொத்தம் 322 ஊராட்சிக்கு ஃபைபர் கொண்டு வர்றோம்னு 2011-லயே டெல்லி சொல்லிச்சு. அந்தத் தேதி தள்ளித் தள்ளிப் போனதுக்கு யாரும் அவையை முடக்கல.

முதல்ல டிராய் எப்படிச் செஞ்ச பொருள்னு பார்ப்போம். 1997-ல சட்டம் போட்டு உருவாக்கினாங்க. 2000-ல திருத்தம் வந்து, தகராறு தீர்க்குற வேலையைப் பிரிச்சு டிடிசாட்னு தனித் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தாங்க. கட்டணம், சேவைத் தரம், கம்பெனிகளுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு விதிகள், இதுல எல்லாம் டிராய் சொன்னா சட்டம். ஆனா லைசென்ஸ் யாருக்கு, எப்போ, என்ன விலைக்குங்கிற பெரிய விஷயத்துல அது பரிந்துரை மட்டும்தான் செய்யலாம். அரசுக்கு அது பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பணும், டிராய் 15 நாள்ல பதில் சொல்லணும், அதுக்கப்புறம் அரசு எடுக்குறதுதான் முடிவு. செலவுக்குப் பணமும் அரசு மானியமாத்தான் வருது. கோட் ரிவ்யூ பண்ற ஆளுக்கு கமென்ட் போடலாம், ஆனா மெர்ஜை நிறுத்த முடியாதுனு வைங்க. அதான் டிராய்.

இந்த இடத்துலதான் நாடாளுமன்றம் வரணும். சட்டத்துல வழி இருக்கு. டிராய் போடுற ஒவ்வொரு ஒழுங்குமுறையும் ரெண்டு அவையிலயும் 30 நாள் வைக்கப்படணும், உறுப்பினர்கள் நினைச்சா மாத்தலாம், ரத்தும் பண்ணலாம். ஆண்டறிக்கை அவைக்கு வரணும். கணக்கை சிஏஜி தணிக்கை செய்யணும். தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்குன்னே 31 பேர் கொண்ட நிலைக்குழு இருக்கு. இதுபோக கேள்வி நேரம். காகிதத்துல பார்த்தா ரொம்ப நல்ல அமைப்பு. ஆனா அவையில 'மேசை மேல் வைக்கப்பட்டது'ன்னு சொன்னா அது பெரும்பாலும் மேசை மேலயே இருக்குனுதான் அர்த்தம். எதிர்த்து யாராவது தீர்மானம் கொண்டு வந்து ரெண்டு அவையும் ஒத்துக்கிட்டாதான் எதுவும் மாறும். யாரும் வாயைத் திறக்கலைன்னா தானாவே செல்லும்.

இப்ப 2007-க்கு வருவோம். ஆ. ராசா பெரம்பலூர் தொகுதியில 1996, 1999, 2004-ன்னு மூணு தடவை ஜெயிச்சவர். அப்போ அது தனித்தொகுதி. 2009-ல தொகுதி மறுசீரமைப்புல பொதுவானதும் அவர் நீலகிரிக்குப் போனார். 2007 மே மாசம் அவர் தொலைத்தொடர்பு அமைச்சரானார். அந்த ஆகஸ்ட்ல டிராய் ஒரு பரிந்துரை கொடுத்துச்சு: ஒரு வட்டத்துல இத்தனை கம்பெனிதான்னு உச்சவரம்பு வேண்டாம். 2ஜி நுழைவுக் கட்டணத்தை மாத்தணும்னு அது சொல்லல. 2008 ஜனவரி 10-ம் தேதி, முதல்ல வந்தவருக்கு முதல்லங்கிற முறையில, 2001-ல நிர்ணயிச்ச அதே விலைக்கு ஒப்புதல் கடிதங்கள் போச்சு. நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய். இப்படி வந்த லைசென்ஸ்தான் 122.

நாடாளுமன்றம் இதைப் பிடிக்க எவ்வளவு நாளாச்சு தெரியுமா? சிஏஜி அறிக்கை 2010 நவம்பர்லதான் அவைக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட மூணு வருஷம். அதுல உத்தேச இழப்பா 57,666 கோடியில இருந்து 1,76,645 கோடி வரைக்கும் வேற வேற கணக்கு இருந்துச்சு. பெரிய எண் மட்டும் ஊரெல்லாம் பரவிச்சு. ராசா ராஜினாமா பண்ணினார். கூட்டுக்குழு வேணும்னு எதிர்க்கட்சி கேட்டு அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர் முழுக்க முடங்கிப் போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமான பகுதி. ஒரே விஷயத்தை ரெண்டு குழு விசாரிச்சது. முரளி மனோகர் ஜோஷி தலைமையில இருந்த பொதுக் கணக்குக் குழு ஒரு வரைவறிக்கை தயார் பண்ணிச்சு. 2011 ஏப்ரல் 28, குழுவோட பதவிக்காலம் முடிய ரெண்டே நாள். ஆளுங்கட்சிப் பக்கம் இருந்த உறுப்பினர்கள் அறிக்கையை நிராகரிச்சாங்க. தலைவர் வெளியே போனதும் சைஃபுதீன் சோஸைத் தலைவரா வச்சு ஓட்டெடுப்பு நடத்தினாங்க. ஜோஷி அறிக்கையைச் சபாநாயகர் மீரா குமார்கிட்ட கொடுத்தார், அவர் அதைத் திருப்பி அனுப்பிட்டார். இந்தப் பக்கம் பி.சி. சாக்கோ தலைமையில 30 பேர் கொண்ட கூட்டுக்குழு. நேர்ல வந்து சொல்றேன்னு ராசா கேட்டார். குழு கூப்பிடல, எழுத்துல வாங்கிக்கிச்சு. 2013 செப்டம்பர்ல அறிக்கையை 16-க்கு 11-ன்னு ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்டாங்க. பிரதமரை அமைச்சர் தவறா வழிநடத்தினார்னும், சிஏஜி போட்ட இழப்புக் கணக்கு சரியில்லைன்னும் அறிக்கை சொல்லிச்சு. எதிர்க்கட்சிகளும் திமுகவும் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதினாங்க.

ஒரு அமைச்சர் மேல குற்றம் சாட்டி அறிக்கை எழுதுறீங்க, அவரை எதிர்ல உக்கார வச்சு ஒரு கேள்விகூட கேக்கலைன்னா அது என்ன விசாரணை? ராசா செஞ்சது சரியா தப்பாங்கிறதுல நீங்க எந்தப் பக்கம் இருந்தாலும் இது இடிக்கணும்.

கடைசியில முடிவு எடுத்தது நீதிமன்றம். 2012 பிப்ரவரி 2-ல உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணிச்சு. அந்தத் தீர்ப்புல டிராய்க்கும் திட்டு விழுந்துச்சு. 2017 டிசம்பர் 21-ல சிறப்பு நீதிமன்றம் ராசா உட்பட எல்லாரையும் விடுதலை செஞ்சது. சிபிஐ மேல்முறையீட்டை விசாரிக்க 2024 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்திருக்கு. நாடாளுமன்றம் கூட்டுக்குழு கேட்டு ஒரு கூட்டத்தொடரையே இழந்தது. கைக்கு மிஞ்சினது கட்சி வாரியா எழுதின ரெண்டு அறிக்கை, அதுல ஒண்ணு அவைக்கே வரல.

ஒரு சின்ன இடைச்செருகல். 2007-ல டிராய் தலைவரா இருந்தவர் நிருபேந்திர மிஸ்ரா. தலைவரா இருந்தவங்க அப்புறம் அரசு வேலைக்குப் போகக் கூடாதுனு டிராய் சட்டத்துல ஒரு தடை இருந்துச்சு. நல்ல தடை. அடுத்து பதவி கிடைக்கும்னு ஆசை இருந்தா யாரு அரசைப் பகைச்சுப்பாங்க? 2014 மே மாசம் அவரைப் பிரதமரோட முதன்மைச் செயலாளரா நியமிக்க அந்தத் தடையை அவசரச் சட்டம் போட்டுத் தளர்த்தினாங்க. ஜூலைல ரெண்டு அவையும் அதை நிறைவேத்தி முடிச்சுது. ஆணையத்தோட சுதந்திரத்தைக் காக்குற ஒரு வேலி, ஒரு நியமனத்துக்காகப் போச்சு. நம்ம தலைமுறையில எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கு?

சரி, இப்ப ஃபைபர் கதை. 2011 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை தேசிய ஃபைபர் வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. சுமார் 20,000 கோடி ரூபாய், ரெண்டரை லட்சம் ஊராட்சி, ரெண்டு வருஷம். பேர் பின்னாடி பாரத்நெட்னு மாறிச்சு. முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடிய 2017 டிசம்பர் ஆச்சு. 2018-ல வந்த தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை, 2022-க்குள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ், 2020-க்குள்ள எல்லா ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ்னு எழுதி வச்சது. 2020 சுதந்திர தினத்துல பிரதமர் செங்கோட்டையில ஆறு லட்சம் கிராமத்துக்கும் 1,000 நாள்னார். எண்ணிப் பாருங்க, 2023 மே மாசம் முடிஞ்சிருச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 4-ல திருத்தப்பட்ட பாரத்நெட்னு 1,39,579 கோடி ரூபாய்க்குப் புதுத் திட்டம் ஒப்புதல் ஆச்சு.

இன்னொரு வேடிக்கை. 2023 ஜனவரி வரைக்கும் இந்தியாவுல சட்டப்படி பிராட்பேண்ட்னா 512 கேபிபிஎஸ்தான். அப்பதான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. ஒரு பக்கம் 50 எம்பிபிஎஸ் வாக்குறுதி, இன்னொரு பக்கம் 512 கேபிபிஎஸ் வந்தாலே புள்ளிவிவரத்துல பிராட்பேண்ட் கணக்கு.

இதுக்கான காசு எங்கிருந்துன்னா, ஒருவிதத்துல நம்ம ரீசார்ஜ்ல இருந்துதான். கம்பெனிகளோட திருத்தப்பட்ட வருவாய்ல 5 சதவீதம் கிராமப்புறச் சேவை நிதிக்குப் போகுது. இப்ப அதுக்குப் பேர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்தப் பணம் முதல்ல அரசோட பொதுக் கருவூலத்துல விழும், அப்புறம் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ஒதுக்கினாதான் நிதிக்கு வரும். அதாவது ஒவ்வொரு வருஷமும் இந்தப் பணம் எம்.பி.க்கள் கண் முன்னாடி போகுது. கேள்வி கேக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேணுமா? நிலைக்குழுக்கள் கேட்டிருக்காங்க, அதை மறைக்கக் கூடாது. பாரத்நெட் தாமதத்தைப் பத்தி கண்டிச்சும் எழுதியிருக்காங்க. துறை மூணு மாசத்துல 'குறித்துக்கொள்ளப்பட்டது' ரகத்துல ஒரு பதில் கொடுக்கும். அதோட முடிஞ்சுரும். குழு சொல்றது அரசைக் கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டுல இன்னொரு சிக்கல் சேருது. இங்க பாரத்நெட் வேலையைச் செய்யுறது மாநில அரசோட டான்ஃபிநெட் நிறுவனம். 12,525 ஊராட்சி, சுமார் 1,815 கோடி ரூபாய். ஃபைபர்ல பெரும்பகுதி மின்கம்பம் வழியாப் போகுது, மீதி தரைக்கடியில. முதல்ல விட்ட டெண்டர்ல நிபந்தனைகள் சில கம்பெனிகளுக்குச் சாதகமா இருக்குனு அறப்போர் இயக்கம் புகார் கொடுத்துச்சு. 2020 ஜூன்ல மத்திய அரசோட தொழில் மேம்பாட்டுத் துறை நிபந்தனையைத் திருத்தி மறுடெண்டர் விடச் சொல்லிச்சு. அதைப் பிடிச்சது எந்தக் குழுவும் இல்ல, புகார் எழுதின ஒரு மக்கள் இயக்கம்.

இப்ப ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ஊராட்சில பெட்டி மட்டும் இருக்கு, நெட் வரலைன்னு வைங்க. யாரைக் கேப்பீங்க? பணம் டெல்லியோடது, அதனால எம்.பி. கேக்கணும். வேலை மாநில நிறுவனத்தோடது, மாநில விஷயம்னு நாடாளுமன்றக் கேள்வியை ஏத்துக்காம விடலாம். சட்டமன்றத்துல கேட்டா டெல்லி நிதி தாமதம்னு பதில் வரலாம். நடுவுல பெட்டி தூசி பிடிக்கும்.

இதுக்கெல்லாம் ஒரே இடத்துல விடை எழுதியிருக்க வேண்டிய சட்டம் 2023-ல வந்துச்சு. தொலைத்தொடர்புச் சட்டம், 1885-ம் வருஷ தந்திச் சட்டத்துக்குப் பதிலா. 138 வருஷத்துக்கு அப்புறம் மாத்துறோம், எத்தனை நாள் விவாதிச்சிருக்கணும்? டிசம்பர் 18 அறிமுகம், 20 மக்களவை, 21 மாநிலங்களவை. நிலைக்குழுவுக்கு அனுப்பல. அந்த வாரம் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பத்தி உள்துறை அமைச்சர் பேசணும்னு கேட்டு எதிர்க்கட்சிகள் கோஷம் போட்டதுல, அந்தக் கூட்டத்தொடர்ல மொத்தம் 146 எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆனாங்க. பட்டியலைப் பார்த்தேன். மசோதா அறிமுகமான 18-ம் தேதியே சஸ்பெண்ட் ஆனவங்கள்ல ஆ. ராசா, தயாநிதி மாறன், அதாவது ரெண்டு முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர்கள். மறுநாள் சஸ்பெண்ட் ஆனவங்கள்ல அந்த நிலைக்குழுவுக்கு முன்னாடி தலைவரா இருந்த சசி தரூர். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூணும் சேர்ந்த சிதம்பரம் தொகுதி எம்.பி. தொல். திருமாவளவனும் அதே நாள். ஆக, 20-ம் தேதி மக்களவைல அந்தச் சட்டம் நிறைவேறினப்ப அரியலூர் மாவட்டத்துக்கு அவைல ஆள் இல்ல.

அந்தச் சட்டம் டிராய் நியமன விதியையும் மாத்திச்சு. 30 வருஷ அனுபவம் இருந்தா தனியார் துறைல இருந்தவங்களும் தலைவராகலாம். நல்லதா இருக்கலாம், ஆபத்தாவும் இருக்கலாம். ஆனா அந்த நியமனத்துல நாடாளுமன்றத்துக்கு ஒரு பங்கும் இல்ல. அமெரிக்காவுல எஃப்சிசி உறுப்பினரை செனட் ஒத்துக்கணும். பிரிட்டன்ல ஆஃப்காம் தலைவர் பதவிக்கு வர்றவரை நாடாளுமன்றக் குழு முன்கூட்டியே கூப்பிட்டு விசாரிக்கும். அங்கேயும் எல்லாம் சுத்தம்னு சொல்ல மாட்டேன். கிகி சோன்ங்கிறவர் எஃப்சிசி நியமனம் செனட்ல ஒரு வருஷத்துக்கு மேல இழுத்து, 2023-ல அவரே விலகிட்டார். கட்சிச் சண்டை அங்கேயும் உண்டு. ஆனா அங்க கேள்வியாவது கேமரா முன்னாடி கேக்கப்படுது. நம்ம நிலைக்குழுக் கூட்டம் மூடின கதவுக்குள்ள.

"சரி ப்ரோ, நான் என்ன பண்ண?"னு கமென்ட்ல கேப்பீங்க. கேள்வி நேரத்தை நான் குறைச்சு மதிப்பிடல. மக்களவைல ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, எழுத்துல பதில் வர்ற கேள்வி 230. எம்.பி. ஒருத்தர் மனசு வச்சா தொகுதிக் கேள்வி உள்ள போயிரும். பெரம்பலூர்க்காரங்களுக்கு கே.என். அருண் நேரு, குன்னம் தாண்டி அரியலூர்க்காரங்களுக்கு திருமாவளவன். மின்னஞ்சல் முகவரி மக்களவை இணையதளத்துலயே இருக்கு.

ஆனா என்ன கேக்கணும்ங்கிறதுலதான் சூட்சுமம். "எத்தனை ஊராட்சி இணைக்கப்பட்டிருக்கு?"னு கேட்டா 'சேவைக்குத் தயார்'னு ஒரு பெரிய எண் வரும். அதுக்கு அர்த்தம் ஃபைபர் போட்டாச்சு, பெட்டி மாட்டியாச்சு, அவ்வளவுதான். நாம ஆபீஸ்ல டிப்ளாய் பண்ணிட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்றோமே, அதே மாதிரி. சர்வர் ஓடுதாங்கிறது வேற கேள்வி. அதனால இப்படிக் கேக்கச் சொல்லுங்க: பெரம்பலூரோட 121 ஊராட்சிலயும் அரியலூரோட 201 ஊராட்சிலயும், போன மூணு மாசத்துல, ஒவ்வொரு பெட்டியும் எத்தனை நாள் உயிரோட இருந்துச்சு, எவ்வளவு டேட்டா போச்சு, எத்தனை பள்ளிக்கும் வீட்டுக்கும் இணைப்பு கொடுத்திருக்கு? இந்தத் தகவல் இல்லைன்னு சொல்ல முடியாது. வலையமைப்பு கண்காணிப்பு மென்பொருள் இதையெல்லாம் தானாவே பதிவு பண்ணும். நான் வேலை பார்க்குறதே அந்த மாதிரி டேஷ்போர்டுலதான்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது"ன்னு அமைச்சர் பதில் சொன்னா மனசு உடையாதீங்க. அந்த வாக்கியம் அவைல சொன்னதும் அது ஒரு உறுதிமொழியாப் பதிவாகும். மூணு மாசத்துல நிறைவேத்தணும். இல்லைன்னா அரசு உறுதிமொழிக் குழு துறையைக் கேக்கும். கூட்டுக்குழு மாதிரி இதுக்கு டிவில விவாதம் இருக்காது, அதனாலேயே கட்சிக்காரங்களும் பெருசா சண்டை போட மாட்டாங்க.

நான் ரெண்டு எம்.பி. அலுவலகத்துக்கும் இந்தக் கேள்வியோட வாசகத்தை மெயில் பண்ணிட்டேன். தமிழ்ல ஒண்ணு, ஆங்கிலத்துல ஒண்ணு. டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, காப்பி பண்ணி உங்க மாவட்டப் பேரும் ஊராட்சி எண்ணிக்கையும் மாத்தி அனுப்புங்க. வேப்பந்தட்டை, ஆலத்தூர், செந்துறை, தா.பழூர் பக்கம் இருக்கிறவங்க உங்க ஊராட்சி அலுவலகத்துல அந்தப் பெட்டியோட விளக்கு எரியுதானு பார்த்து, தேதியோட ஒரு போட்டோ அனுப்புங்க. பதில் வந்தா இந்தப் பக்கத்துலயே அப்படியே போடுறேன்.